ஆமைக் குழிக்கு எவ்வளவு ஈரம் வேண்டும்?

ஜனவரி தொடங்கிச் சென்னைக் கடற்கரையில் பங்குனி ஆமைகள் முட்டையிட ஏறும். அந்த முட்டைகளை எடுத்துவந்து குழியில் புதைத்துக் காக்கும் பொரிப்பகத்துக்குப் புதிதாக வரும் பிள்ளைகளின் கை முதலில் போவது வாளிக்குத்தான். "வெயில் இப்படிக் கொளுத்துதே, கொஞ்சம் தண்ணி தெளிக்கலாமாண்ணா?" வேண்டாம் தம்பி. குழியை ஒழுங்காகத் தோண்டினால் வாளிக்கு வேலை இல்லை.

கடலாமைகள் 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில், அதாவது மிகக் கடுமையான பாதுகாப்புப் பட்டியலில், உள்ளவை. வனத்துறை அனுமதியோடு நடக்கும் பொரிப்பகத்தில் வேலை செய்பவர்களுக்கே இதை எழுதுகிறேன். மற்றவர்கள் முட்டையைக் கண்டால் தொடாமல் தகவல் சொன்னால் போதும்.

ஆமை முட்டையின் ஓடு தோல் மாதிரி வளையும். அதன் வழியே நீர் உள்ளேயும் போகும், வெளியேயும் வரும். இட்ட புதிதில் முட்டையில் சின்னப் பள்ளம் தெரிந்தால் பயப்பட வேண்டாம். மணலின் ஈரத்தை இழுத்துச் சில நாளில் விம்மிவிடும். மணல் காய்ந்திருந்தால் கதை தலைகீழ்: முட்டை தன் நீரை இழந்து சுருங்கும். குஞ்சு வந்தாலும் சிறுத்திருக்கும். மஞ்சள் கரு முழுவதும் உடம்பாகாமல் மிச்சம் நிற்கும்.

அதனால் இடத்தைப் பார்த்து எடுங்கள். அலை ஏறும் கோட்டுக்கு மேலே, மூன்றடி தோண்டிப் பாருங்கள். அடியில் தண்ணீர் ஊறினால் அந்த இடம் ஆகாது. அடும்புக்கொடி அடர்ந்த இடமும் வேண்டாம். வேர் முட்டைக்குள்ளேயே புகுந்துவிடும்.

தோண்டும்போது மேலே உள்ள காய்ந்த மணலை அகலமாக ஒதுக்கிவிடுங்கள். இல்லாவிட்டால் அது சரசரவென்று குழிக்குள் சரிந்துகொண்டே இருக்கும். கீழே ஈர மணல் வந்ததும் ஒரு பிடி எடுத்து அழுத்துங்கள். விரலை விரித்ததும் உருண்டையாக நிற்க வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் கசியக் கூடாது. பெருவிரலால் தட்டினால் உடைய வேண்டும். அதுதான் சரியான பதம். குழி ஒன்றரை அடி ஆழம், அடிப்பகுதி அகன்று வாய் குறுகி இருக்கட்டும். தோண்டிய மணலை ஈரம் தனி, காய்ந்தது தனி என்று இரண்டு குவியலாக வையுங்கள். மூடும்போது முட்டையைத் தொட்டபடி ஈர மணல், மேலே மட்டும் காய்ந்த மணல். இந்த வரிசை மாறினால் மற்றதெல்லாம் வீண்.

முட்டையைக் கொண்டுவரும்போது உருட்டாதீர்கள். இட்ட சில மணி நேரத்துக்குள் குழிக்குள் வைத்துவிடுங்கள். குழிக்குக் குழி ஒரு மீட்டராவது இடைவெளி.

ஈரம் கூடினாலும் கேடுதான். மணல் துகளுக்கு நடுவே உள்ள காற்று போய்த் தண்ணீர் நிற்கும். கரு மூச்சுமுட்டிச் சாகும். கடைசி இரண்டு வாரத்தில் குஞ்சுக்கு ஆக்சிஜன் அதிகம் தேவை என்பதால் அப்போது பெய்யும் கோடைமழைதான் ரொம்ப மோசம். பொரிப்பகத்தைச் சுற்றி வாய்க்கால் வெட்டி வையுங்கள்.

ஏப்ரல் வெயிலுக்குத் தென்னங்கீற்று நிழல் போடுங்கள். நிழலும் போதாமல், முழங்கை ஆழத்திலும் மணல் உருண்டை பிடிக்காமல் உதிர்ந்தால் மட்டும் பூவாளியில் நல்ல தண்ணீர், சாயங்காலம், குழியைச் சுற்றிலும். கடல் தண்ணீர் கூடவே கூடாது. உப்பு முட்டையின் நீரை உறிஞ்சிவிடும். இன்னொன்று: தண்ணீர் மணலைக் குளிர்விக்கும். அடைகாலத்தின் நடுப்பகுதியில் குளிர்ந்தால் ஆண் குஞ்சுகள் கூடும், சூடானால் பெண் கூடும். ஆசைக்குத் தெளிக்கிற விஷயமில்லை இது.

சுமார் 45 முதல் 55 நாளில் குஞ்சுகள் மேலே வந்தபின், மிச்ச முட்டைகளைப் பிரித்துப் பார்த்துக் குறித்து வையுங்கள். நெளிந்து வற்றியவை எத்தனை, முழு வளர்ச்சிக்குப் பிறகு ஓட்டுக்குள்ளேயே இறந்தவை எத்தனை என்று தனித்தனியாக எழுதுங்கள். முதல் வகை கூடினால் குழியின் ஈரத்தைச் சந்தேகப்படுங்கள். இரண்டாவது கூடினால் மழைத் தேதியையும் வெயிலையும் பாருங்கள். பூஞ்சையை மட்டும் வைத்து முடிவு கட்ட வேண்டாம், செத்த முட்டையில் அது எப்படியும் வரும்.