கூடைப்பந்து வீரரின் புள்ளிவிவர வரியை வாசிப்பது எப்படி?

கூடைப்பந்து ஆட்டம் முடிந்ததும் வெளியாகும் பாக்ஸ் ஸ்கோர் அட்டவணையில் பெரும்பாலோர் புள்ளிகள் என்ற கடைசிக் கட்டத்தை மட்டும் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள். வீரர் ஒருவருக்கு அதில் இருப்பது ஒரே ஒரு வரிதான். அதை இடமிருந்து வலமாகப் பொறுமையாக வாசித்தால், அவர் எத்தனை முறை முயன்றார், எத்தனை முறை தவறவிட்டார், பந்தைப் பிறருக்கு எப்படிக் கொடுத்தார் என்பதெல்லாம் தெரியவரும். ஒரே ஆட்டத்தின் இரண்டு வரிகளைக் கொண்டு இதைப் பழகுவோம். 2016 ஜூன் 19 அன்று ஓக்லாந்தில் நடந்த, அமெரிக்கத் தொழில்முறைக் கூடைப்பந்து லீக்கான என்பிஏவின் இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், கிளீவ்லாந்து கவாலியர்ஸ் அணி கோல்டன் ஸ்டேட் வாரியர்ஸை 93-89 என்ற கணக்கில் வென்றது. கீழே உள்ள இரண்டு வரிகளையும் ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

லெப்ரான் ஜேம்ஸ், கிளீவ்லாந்து: எஃப்ஜி 9-24, 3பி 1-5, எஃப்டி 8-10, ரீபவுண்ட் 11, அசிஸ்ட் 11, ஸ்டீல் 2, பிளாக் 3, டர்ன்ஓவர் 5, புள்ளிகள் 27.

டிரேமண்ட் கிரீன், கோல்டன் ஸ்டேட்: எஃப்ஜி 11-15, 3பி 6-8, எஃப்டி 4-4, ரீபவுண்ட் 15, அசிஸ்ட் 9, புள்ளிகள் 32.

முதல் படி: புள்ளிகளை நீங்களே கூட்டிப் பாருங்கள்

எஃப்ஜி என்பது ஃபீல்ட் கோல், அதாவது ஆட்டத்தின் ஓட்டத்தில் எறியப்படும் ஷாட். 9-24 என்றால் 24 ஷாட்களில் 9 கூடைக்குள் விழுந்தன என்று பொருள். 3பி என்பது மூன்று புள்ளிக் கோட்டுக்கு வெளியிலிருந்து எறிந்தவை. எஃப்டி என்பது ஃபவுலுக்குப் பிறகு கிடைக்கும் ஃபிரீ த்ரோ, அதற்கு ஒரு புள்ளி. புதியவர்கள் பெரும்பாலும் தடுமாறும் இடம் ஒன்று இங்கே உண்டு: 3பி கட்டத்தில் உள்ளவை எஃப்ஜி கட்டத்துக்குள் ஏற்கெனவே அடங்கியவை. இதைக் கவனிக்காமல் ஜேம்ஸின் 9ஐ இரண்டால் பெருக்கி, மூன்று புள்ளியையும் தனியாகச் சேர்த்தால் 29 என்று தவறாக வரும். 9இல் ஒன்று மூன்று புள்ளிக் கூடை, மீதி 8 இரண்டு புள்ளிக் கூடைகள். ஆகவே 16, 3, 8 ஆகியவற்றைக் கூட்டினால் 27. கிரீனுக்கு 10, 18, 4 சேர்ந்து 32. கூட்டல் சரியாக வந்துவிட்டால் அட்டவணையின் பாதி உங்கள் கைக்கு வந்துவிட்டது என்று கொள்ளலாம்.

இரண்டாம் படி: எத்தனை முயற்சிகளில் வந்த புள்ளிகள்?

என் கருத்தில் மிக முக்கியமான படி இதுதான். 27, 32 என்ற எண்களுக்கு இடையே ஐந்து புள்ளி வேறுபாடுதான் இருக்கிறது; ஆனால் ஜேம்ஸ் 24 ஷாட்கள் எறிந்தார், கிரீன் 15 மட்டுமே எறிந்தார். எஃப்ஜி சதவீதம் ஜேம்ஸுக்கு 37.5, கிரீனுக்கு 73.3. ஆனால் இந்தச் சதவீதம் மூன்று புள்ளிக் கூடையையும் இரண்டு புள்ளிக் கூடையையும் ஒன்றாகவே எண்ணுவதோடு, ஃபிரீ த்ரோவைச் சேர்த்துக்கொள்வதும் இல்லை. இந்தக் குறையை நீக்கத்தான் ட்ரூ ஷூட்டிங் என்ற கணக்கைப் பயன்படுத்துகிறார்கள்.

அதைக் கணக்கிடும் முறை எளிது. ஃபிரீ த்ரோ முயற்சிகளை 0.44ஆல் பெருக்கி, அதோடு ஷாட் முயற்சிகளைக் கூட்டி, வருவதை இரட்டிப்பாக்கிக்கொண்டு, அந்த எண்ணால் புள்ளிகளை வகுக்க வேண்டும். ஜேம்ஸுக்கு 10ஐ 0.44ஆல் பெருக்கினால் 4.4, அதோடு 24 சேர்த்தால் 28.4, இரட்டித்தால் 56.8, 27ஐ அதனால் வகுத்தால் 47.5 சதவீதம். அதே முறையில் கிரீனுக்கு 95.5 சதவீதம் வருகிறது. பாதியாகிய 0.5 இருக்க 0.44 ஏன் என்று கேட்கலாம். பெரும்பாலும் ஃபிரீ த்ரோக்கள் இரண்டிரண்டாகக் கிடைத்து ஒரு தாக்குதலை முடித்துவைக்கின்றன. ஆனால் கூடை விழுந்த பிறகு கூடுதலாகக் கிடைக்கும் ஒற்றை ஃபிரீ த்ரோவும், டெக்னிக்கல் ஃபவுலுக்குக் கிடைப்பதும் தனித் தாக்குதலாகக் கணக்கில் வருவதில்லை. அதனால்தான் பாதிக்குச் சற்றுக் குறைவான எண்.

ஷாட் கணக்கில் மட்டும் பார்த்தால், தோற்ற அணியின் கிரீன்தான் அன்று வெகுவாக மேலோங்கி நின்றார்.

மூன்றாம் படி: மற்றக் கட்டங்கள்

ரீபவுண்ட் என்பது தவறிய ஷாட்டுக்குப் பின் பந்தைக் கைப்பற்றுவது. ஸ்டீல் என்பது எதிரணியிடமிருந்து பந்தைப் பறிப்பது. பிளாக் என்பது எதிரணி எறிந்த ஷாட்டைத் தடுப்பது. டர்ன்ஓவர் என்பது ஷாட் எறியாமலேயே பந்தை எதிரணியிடம் இழப்பது. அசிஸ்ட் சற்று வேறுபட்டது. கொடுத்த பாஸ் நேரடியாகக் கூடைக்கு வழிவகுத்ததா என்பதை மேசையில் அமர்ந்து கணக்கெடுப்பவரே தீர்மானிக்கிறார், ஆகவே அதில் மனித மதிப்பீடு சிறிது கலந்திருக்கும்.

பிளாக் கட்டத்தில் ஜேம்ஸுக்கு 3 என்று இருக்கிறது. அந்த மூன்றில் ஒன்றை நெருங்கிப் பார்ப்போம். ஆட்டம் முடிய 1 நிமிடம் 50 விநாடிகள் இருக்கும்போது இரு அணிகளும் 89 புள்ளிகளில் சமமாக நின்றன. கோல்டன் ஸ்டேட்டின் ஆண்ட்ரே இகுவாடாலா தனியாகக் கூடைக்கு அருகில் சென்று பந்தை மேலே விட்ட கணத்தில், பின்னாலிருந்து ஓடிவந்து எழும்பிய ஜேம்ஸ் அதைப் பலகையோடு சேர்த்து அறைந்தார். அதன் பிறகு கோல்டன் ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை; கைரி இர்விங்கின் மூன்று புள்ளிக் கூடையும் ஜேம்ஸின் ஒரு ஃபிரீ த்ரோவும் ஆட்டத்தை முடித்தன. அட்டவணையில் அந்தத் தடுப்பின் மதிப்பும், ஆட்டத்தின் முதல் கால்பகுதியில் நிகழும் சாதாரணமான ஒரு தடுப்பின் மதிப்பும் ஒன்றேதான். ஆகவே வரியை வாசித்த பிறகு ஆட்டத்தின் காணொலியையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

நான்காம் படி: ஓர் ஆட்டத்தின் மைல்கற்கள்

புள்ளி, ரீபவுண்ட், அசிஸ்ட், ஸ்டீல், பிளாக் ஆகிய ஐந்தில் இரண்டில் 10 அல்லது அதற்கு மேல் எடுத்தால் டபுள் டபுள், மூன்றில் எடுத்தால் டிரிப்பிள் டபுள். 27, 11, 11 என்று எடுத்த ஜேம்ஸ், 1969இல் ஜெர்ரி வெஸ்ட், 1988இல் ஜேம்ஸ் வொர்தி ஆகியோருக்குப் பின், இறுதித் தொடரின் ஏழாவது ஆட்டத்தில் டிரிப்பிள் டபுள் எடுத்த மூன்றாவது வீரரானார். கிரீனின் வரியை மீண்டும் பாருங்கள்: 32, 15, 9. அவர் கொடுத்த இன்னொரு பாஸைப் பெற்றவர் கூடையில் போட்டிருந்தால் அவருக்கும் அதே பெயர் கிடைத்திருக்கும். 9க்கும் 10க்கும் இடையே உள்ள கோடு நாம் வரைந்துகொண்டது என்பதை நினைவில் வைத்துக்கொண்டே மைல்கற்களைக் கொண்டாட வேண்டும்.

ஐந்தாம் படி: வாழ்நாள் கணக்கு

2023 பிப்ரவரி 7 அன்று ஜேம்ஸ், கரீம் அப்துல் ஜப்பாரின் வாழ்நாள் மொத்தமான 38,387 புள்ளிகளைக் கடந்தார். இந்த எண்ணில் வழக்கமான பருவ ஆட்டங்கள் மட்டுமே சேரும். பருவத்துக்குப் பின் நடக்கும் பிளேஆஃப் சுற்றுகளின் கணக்கு தனி; இறுதித் தொடரும் அதில்தான் சேரும். ஆகவே நாம் இவ்வளவு நேரம் ஆராய்ந்த அந்த 27 புள்ளிகளுக்கு அதில் இடமில்லை. அப்துல் ஜப்பார் ஆடிய ஆட்டங்கள் 1,560. வகுத்தால் ஆட்டத்துக்கு 24.6. மொத்தத்தைப் பார்க்கும்போதெல்லாம் இப்படிச் சராசரியையும் கணக்கிட்டுக்கொள்ளுங்கள்.

காலத்தையும் கவனிக்க வேண்டும். என்பிஏவில் ஸ்டீலும் பிளாக்கும் 1973-74 பருவம் முதல்தான் அதிகாரபூர்வமாகப் பதிவாகின்றன. மூன்று புள்ளிக் கோடு 1979-80இல்தான் வந்தது. அதற்கு முன்பே ஆடி முடித்த பில் ரஸ்ஸல் எத்தனை ஷாட்களைத் தடுத்தார் என்பதற்கு அதிகாரபூர்வக் கணக்கே இல்லை.

பயிற்சிக்கு இரண்டு வரிகள்

கோபி பிரையன்ட், 2006 ஜனவரி 22, டொராண்டோவுக்கு எதிராக: எஃப்ஜி 28-46, 3பி 7-13, எஃப்டி 18-20. வில்ட் சேம்பர்லைன், 1962 மார்ச் 2, நியூயார்க்குக்கு எதிராக: எஃப்ஜி 36-63, எஃப்டி 28-32. இரண்டாவது வரியில் 3பி கட்டம் ஏன் இல்லை என்பது இப்போது உங்களுக்கே தெரியும். புள்ளிகளைக் கூட்டி, ட்ரூ ஷூட்டிங்கையும் கணக்கிடுங்கள். பிரையன்டுக்கு 81 புள்ளிகளும் 73.9 சதவீதமும், சேம்பர்லைனுக்கு 100 புள்ளிகளும் 64.9 சதவீதமும் வர வேண்டும். பிரையன்டுக்கு 74 வந்தால், ஏழு மூன்று புள்ளிக் கூடைகளை இரண்டு புள்ளியாக எண்ணிவிட்டீர்கள். முதல் படிக்குத் திரும்பிச் செல்லுங்கள்.