நின்ற இடத்தில் சுற்றிய மேப்

திருகோணமலை ஓட்டோக்காரர்களுக்காக ஒரு மேப் செயலி செய்துகொண்டிருந்தேன். கோணேசர் கோயிலுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் அண்ணன் ஒருவர் முதல் நாளே கேட்டார்: "தம்பி, நான் நிக்கிறன், உங்கட மேப் ஏன் சுத்துது?"

போய்ப் பார்த்தேன். பத்திரகாளி அம்மன் கோயிலடியில் ஓட்டோ நிற்கிறது. திரை மட்டும் அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் திரும்புகிறது. போன் ஒட்டியிருந்த தாங்கியில் காந்தம்! போனின் திசைகாட்டி பூமியின் காந்தப்புலத்தை அளப்பது. பக்கத்தில் காந்தம் இருந்தால் அது பாவம், என்ன செய்யும்?

ஓடும்போது திசையை ஜிபிஎஸ்ஸிலிருந்து எடுத்தேன். நிற்கும்போது அதையும் நம்ப முடியாது. ஆகவே வேகம் மணிக்கு 5 கிலோமீற்றருக்குக் கீழே இறங்கினால் கடைசித் திசையிலேயே மேப்பைப் பிடித்து வைத்தேன். சுற்றல் நின்றது.

அப்புறம் இன்னொரு வில்லங்கம். கடலை வைத்து இடத்தைக் கண்டுபிடிப்பார்கள் என்று நினைத்திருந்தேன். இந்த ஊரில் ஒரு பக்கம் உட்துறைமுகம், மறுபக்கம் டச்சு விரிகுடா; திரையில் இரண்டும் ஒரே நீலம். எவ்வளவு பெரிதாக்கினாலும் நீரின் பெயர் மறையாமல் வைத்தேன். கடைப் பெயர்களைக் குறைத்து, கோட்டையையும் கோயில்களையும் பெரிதாக எழுதினேன். வடக்கை மேலே கொண்டுவரும் பொத்தானும் உண்டு. அண்ணன் அதை இன்னும் தொடவில்லை.