பழைய சமையல் புத்தகத்து மஃபினை இன்றைய ஓவனில் சுடும் முறை

1880களுக்கும் 1920களுக்கும் இடையில் அமெரிக்காவில் வெளிவந்த சமையல் புத்தகங்களில் மஃபினுக்கு ஐந்தாறு வரிகளுக்கு மேல் இடம் கிடைப்பதில்லை. பொருள்களின் பட்டியலும், கலந்து சூடான அடுப்பில் சுடவும் என்ற ஒரு வாக்கியமும் இருக்கும். தினமும் காலையில் சுட்டுப் பழகியவர்களுக்காக எழுதப்பட்டவை என்பதால், இன்று நமக்குத் தேவையான விவரங்கள் பலவற்றை அவை சொல்லாமலே விட்டுவிடுகின்றன. அந்த விவரங்களை நிரப்பிக்கொண்டால், கடையில் கிடைக்கும் மஃபினைவிட மிகக் குறைந்த இனிப்புள்ள, வெண்ணெய் தடவிச் சாப்பிடத் தகுந்த நல்லதொரு காலை உணவு கிடைக்கும். காப்புரிமைக் காலம் முடிந்த இத்தகைய புத்தகங்கள் பல இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் இலவசமாகவே படிக்கக் கிடைக்கின்றன. தொடங்குபவர்கள் அமெரிக்கப் புத்தகத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். இங்கிலாந்தின் பழைய புத்தகங்களில் வரும் மஃபின், ஈஸ்ட் சேர்த்துத் தோசைக்கல் போன்ற தட்டையான கல்லில் சுடும் ரொட்டி.

அக்காலத்து எளிய மஃபின் ஒன்றின் அளவுகள் இவை: மாவு 2 கப், பேக்கிங் பவுடர் 3 டீஸ்பூன், வெண்ணெய் கால் கப், சர்க்கரை கால் கப், முட்டை 1, பால் முக்கால் கப், உப்பு அரை டீஸ்பூன். இதை அப்படியே பின்பற்றினால் மஃபின் கனமாகவும் லேசான கசப்போடும் வருவதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று மாவு, மற்றொன்று பேக்கிங் பவுடர்.

முதலில் மாவு. 1896இல் வெளிவந்த பாஸ்டன் சமையல் பள்ளிப் புத்தகத்தில் ஃபேனி ஃபார்மர், மாவைச் சலித்த பிறகே அளக்க வேண்டும் என்றும், கப்பைக் கரண்டியால் நிரப்பிக் கத்தியால் தலை தட்ட வேண்டும் என்றும் வலியுறுத்தினார். அவ்வாறு அளந்த ஒரு கப் மாவு ஏறத்தாழ 115 கிராம் இருக்கும். டப்பாவுக்குள் கப்பை விட்டு அள்ளினால் அதே கப்பில் 140 கிராமுக்கு மேல் ஏறிவிடும். இரண்டு கப் என்னும்போது 50 கிராமுக்கு மேல் மாவு கூடிவிடுகிறது. பாலின் அளவோ மாறவில்லை. எனவே மைதாவை 230 கிராம் என்று எடைபோட்டுக்கொள்ளுங்கள். கப், ஸ்பூன் செட்டுகளை வாங்குவதற்கு முன்பு ஒரு டிஜிட்டல் தராசை வாங்குவதே என் உறுதியான பரிந்துரை. வெண்ணெய் 57 கிராம், சர்க்கரை 50 கிராம், பால் 180 மில்லி. ஒரு முட்டை அளவு வெண்ணெய் என்று எழுதியிருந்தால் 55 முதல் 60 கிராம் வரை என்றும், டீக்கப் என்று எழுதியிருந்தால் சுமார் 180 மில்லி என்றும் கொள்ளலாம்.

அடுத்தது பேக்கிங் பவுடர். இந்த முறையில் அதிகக் கவனம் தேவைப்படும் இடம் இதுதான். அக்காலத்தில் பரவலாக இருந்த பேக்கிங் பவுடர், சமையல் சோடாவோடு கிரீம் ஆஃப் டார்டார் என்ற அமிலப் பொடி சேர்த்தது. ஈரம் பட்டவுடனேயே அது தன் வாயுவில் பெரும்பகுதியை வெளியிட்டுவிடும். மாவு கலக்கும்போதே பாதி வலு போய்விடுவதால் தாராளமாகப் போட்டார்கள். இன்று விற்பதில் பெரும்பாலானவை ஈரத்தில் ஒரு முறையும் சூட்டில் மறுமுறையும் வேலை செய்பவை. டப்பாவின் பின்புறத்தில் 500(ii) என்ற எண்ணோடு 450 அல்லது 541 என்ற எண்ணும் இருந்தால் உங்களுடையது சூட்டிலும் பொங்கும் வகை. சந்தேகம் இருந்தால் ஒரு டீஸ்பூன் பவுடரைக் குளிர்ந்த நீரில் கரைத்து, நுரை முழுவதும் அடங்கும்வரை காத்திருந்து, பிறகு அந்தக் கிண்ணத்தைக் கொதிநீரில் வைத்துப் பாருங்கள். மீண்டும் நுரைத்தால் ஐயம் தீர்ந்தது. அந்தப் பவுடரை 3 டீஸ்பூன் போட்டால் மஃபின் வேகமாக உப்பி, நடுவில் அமுங்கி, நாக்கில் உலோகச் சுவையை விட்டுச்செல்லும். தலை தட்டிய 2 டீஸ்பூன் போதும். பழைய சுவையே வேண்டும் என்பவர்கள், ஒரு டீஸ்பூன் பேக்கிங் பவுடருக்குக் கால் டீஸ்பூன் சோடா, அரை டீஸ்பூன் கிரீம் ஆஃப் டார்டார் என்ற கணக்கில் கலந்து, புத்தகத்தில் உள்ள 3 டீஸ்பூன் அளவையே பின்பற்றலாம். ஆனால் கலந்த மாவைக் காத்திருக்கவிடாமல் உடனே ஓவனுக்குள் வைத்தாக வேண்டும்.

சில குறிப்புகளில் பேக்கிங் பவுடரே இருக்காது. புளித்த பாலும் சோடாவும் இருக்கும். பாக்கெட் பால் பாஸ்சுரைஸ் செய்யப்பட்டது என்பதால் தானாகப் புளிப்பதற்கு மாறாகக் கெட்டுவிடவே வாய்ப்பு அதிகம். அதற்குப் பதிலாகக் கெட்டியான புளித்த மோரைப் பயன்படுத்துங்கள். ஒரு கப் மோருக்கு அரை டீஸ்பூன் சோடா சரியாக இருக்கும். சோடாவை வெந்நீரில் கரைத்து ஊற்றச் சொல்லும் வழக்கத்தை விட்டுவிட்டு, மாவோடு சேர்த்து இரண்டு முறை சலித்துவிடுங்கள். சரியாகக் கலவாத சோடா மஃபினுக்குள் மஞ்சள்பழுப்புப் புள்ளிகளாகத் தெரியும். அந்த இடத்தைக் கடித்தால் சோப்புச் சுவை வரும்.

இனி கலக்கும் முறை. ஓவனை 200 டிகிரி செல்சியஸில் குறைந்தது 20 நிமிடம் சூடாக்குங்கள். பழைய புத்தகங்கள் சூடான அடுப்பு என்று சொல்வது 200 முதல் 220 டிகிரிக்கும், மிதமான அடுப்பு என்பது 175 முதல் 190 டிகிரிக்கும் பொருந்தும். ஓடிஜி எனப்படும் சிறு மின் ஓவனின் குமிழ் காட்டும் எண்ணை நம்பாமல், உள்ளே தொங்கவிடும் ஓவன் தெர்மாமீட்டர் ஒன்றைப் பயன்படுத்துவது நல்லது. வெண்ணெயையும் சர்க்கரையையும் மரக்கரண்டியால் குழைத்து, அடித்த முட்டையைச் சேருங்கள். பேக்கிங் பவுடரும் உப்பும் சேர்த்துச் சலித்த மாவையும் பாலையும் மூன்று தவணைகளாக மாற்றி மாற்றிச் சேர்த்து, உலர்ந்த மாவு கண்ணுக்குத் தெரியாத கணத்தில் கையை எடுத்துவிடுங்கள். எலக்ட்ரிக் பீட்டர் இதற்கு வேண்டவே வேண்டாம். அதிகம் அடித்தால் மைதாவின் குளூட்டன் இறுகி, மஃபினை வெட்டும்போது கீழிருந்து மேலாக நீண்ட சுரங்கங்கள் தெரியும். கரண்டியைச் சாய்த்தால் கலவை நாடாவாக வழியாமல் கட்டியாக விழ வேண்டும். சிறு கட்டிகள் இருந்தால் இருக்கட்டும், அவை வெந்துவிடும்.

வெண்ணெய் தடவிய பத்துக் குழிகளில் முக்கால் பங்கு நிரப்பி, 20 முதல் 25 நிமிடம் சுடுங்கள். பழைய புத்தகங்கள் குறிப்பிடும் வார்ப்பிரும்பு அச்சு கிடைத்தால் அதை ஓவனிலேயே சூடாக்கிவிட்டு நிரப்புங்கள். ஓரம் மொறுமொறுப்பாக வருவதற்கு அதற்கு இணை வேறில்லை. அடுத்தபடியாக அலுமினிய டிரேயைச் சொல்வேன். சிலிக்கோன் அச்சில் அடிப்பகுதி வெளிறியே இருக்கும் என்பதால் இந்த மஃபினுக்கு அதை நான் பரிந்துரைப்பதில்லை. சர்க்கரையும் கொழுப்பும் குறைவு என்பதால் மறுநாளைக்குள் உலர்ந்துவிடும். சூட்டோடு பிளந்து வெண்ணெய் வைத்துச் சாப்பிடுவதே முறை.

பிற்சேர்க்கை: வாசகர்கள் சிலர் இந்தியன் மீல் என்று எழுதியிருந்த குறிப்பைக் கோதுமை மாவில் செய்துவிட்டு, மஃபின் இறுகிவிட்டதாக எழுதியிருந்தார்கள். அந்தப் பெயர் குறிப்பது மக்காச்சோளத்தைக் கரகரப்பாக அரைத்த மாவை. கார்ன் ஃப்ளார் என்று கடையில் தரும் வெள்ளைப் பொடி வெறும் ஸ்டார்ச் என்பதால் அதுவும் உதவாது. மக்கி ரொட்டிக்காக விற்கும் மஞ்சள் மாவில் கரகரப்பானதைக் கேட்டு வாங்குங்கள். கிரகாம் மாவு (முழுக்கோதுமை மாவு) என்று இருந்தால் ஆட்டா பயன்படுத்தலாம், ஆனால் அது கூடுதலாக ஈரம் இழுக்கும் என்பதால் ஒன்றிரண்டு டேபிள்ஸ்பூன் பால் அதிகம் சேர்த்து, கலவையைப் பத்து நிமிடம் ஊறவிட்டுச் சுடுங்கள். ஊறவிடும்போது இரண்டு முறை வேலை செய்யும் பேக்கிங் பவுடரையே பயன்படுத்த வேண்டும். கிரீம் ஆஃப் டார்டார் கலவை அதுவரை தாங்காது.