"பயமே இல்லப்பா" என்றால் படம் ஃப்ளாப்பா? பேய் காமெடி இரண்டாம் பாகத்துக்கு மக்கள் கருத்து கேட்பவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பேய் காமெடிப் படத்தின் இரண்டாம் பாகம் ரிலீஸான அன்று மதியம், சென்னையில் எந்தத் தியேட்டர் வாசலில் மைக்கை நீட்டினாலும் ஒரே பதில்தான் அதிகம் வரும்: "காமெடி ஓகே, பயம்தான் இல்ல." கேட்டவர் அங்கேயே "பயமுறுத்தத் தவறிய இரண்டாம் பாகம்" என்று தலைப்பு போட்டுவிடுவார். சொன்னவர் அதைக் குறையாகச் சொன்னாரா, "நல்லவேளை" என்ற நிம்மதியில் சொன்னாரா, பக்கத்தில் நிற்கும் மகளுக்குத் தைரியம் கொடுக்கச் சொன்னாரா? இதைப் பிரித்துப் பார்க்காததுதான் முதல் தவறு. மற்ற தவறுகள் பெரும்பாலும் இங்கிருந்தே கிளம்புகின்றன.

"பயமா இருந்துச்சா?" என்று கேட்பது

நான்கு நண்பர்கள் சுற்றி நிற்கும்போது எந்தக் கல்லூரிப் பையனும் "ஆமா, பயந்துட்டேன்" என்று கேமரா முன்னால் சொல்ல மாட்டான். கேள்வியே பதிலை எழுதிக் கொடுத்துவிடுகிறது. "எந்த சீன்ல சத்தம் போட்டீங்க?", "பக்கத்து சீட்டுல யாரு, அவங்க என்ன பண்ணாங்க?" என்று இடத்தையும் செயலையும் கேளுங்கள். குடும்பமாக வருபவர்களிடம் இது இன்னும் நன்றாக வேலை செய்யும். அப்பா, "பேயா அது, பஃபூன் மாதிரி இருந்துச்சு" என்பார். அவர் முடிப்பதற்குள் எட்டு வயதுப் பையன், "நீதான் கண்ணாடி சீன்ல பாப்கார்ன் டப்பாவால மூஞ்ச மூடிக்கிட்ட" என்று போட்டு உடைப்பான். உங்களுக்கு வேண்டிய கருத்து அந்தப் பையனிடம்தான் இருக்கிறது.

இடைவேளையில் கேட்பதையும் விட்டுவிடுங்கள். தமிழ்ப் பேய்ப் படங்களில் பேயின் முன்கதை பெரும்பாலும் இடைவேளைக்குப் பிறகுதான் வரும். அதற்கு முன் எடுத்த கருத்து பாதிப் படத்தின் கருத்து. படம் முடிந்த உடனே வாசலில் நிறுத்துவதைவிட, ஐந்து நிமிடம் பொறுத்து பார்க்கிங் பக்கம் நின்றால் பேச்சு இயல்பாக வரும். ஹெல்மெட் மாட்டும் நேரத்தில் யாரும் நடிப்பதில்லை.

எல்லாச் சிரிப்பையும் காமெடிக் கணக்கில் எழுதுவது

இதில்தான் அனுபவசாலிகளும் ஏமாறுகிறார்கள். திடீர் அதிர்ச்சிக் காட்சியின் அமைப்பு எளிது: பின்னணி இசை நிற்கும், இரண்டு மூன்று நொடி அமைதி, கதவு மெல்லத் திறக்கும், ஒன்றும் இருக்காது, பாத்திரம் திரும்பும்போது பெருஞ்சத்தம். ஹால் முழுக்க "ஆ" என்று அலறும். அடுத்த நொடியே அதே ஹால் சிரிக்கும். அந்தச் சிரிப்பு பயம் வேலை செய்ததற்கான ரசீது. இறுக்கம் விட்டுப் போகும்போது உடம்பு சிரிக்கிறது. அதைக் கேட்டு "தியேட்டரே குலுங்கிச் சிரித்தது, பயமில்லை" என்று எழுதினால் கணக்கு தலைகீழாகிவிடும்.

வசனச் சிரிப்பு வசனத்தின் கடைசிச் சொல்லில் தொடங்கும். அதிர்ச்சிச் சிரிப்பு அலறலுக்குப் பின்னால், ஹால் முழுக்க ஒரே நேரத்தில் வரும். மூன்றாவது ஒன்று உண்டு: மேக்கப்போ கிராபிக்ஸோ சொதப்பும்போது வரும் கேலிச் சிரிப்பு. அது பெரும்பாலும் ஒரு மூலையில், யாரோ அடிக்கும் கமென்ட்டில் ஆரம்பித்துப் பிறகு பரவும். இந்த மூன்றையும் தனித்தனியாகக் குறித்துக்கொண்டால், "சிரிக்க வைத்தது" என்ற ஒரே சொல்லுக்குள் மூன்று வேறு தீர்ப்புகள் இருப்பது தெரியும்.

முதல் பாகத்தோடு ஒப்பிடும்போது வயதைக் கேட்காமல் விடுவது

சந்திரமுகி வந்தது 2005இல். சாந்தி தியேட்டரில் 800 நாளைத் தாண்டி ஓடியது. இரண்டாம் பாகம் வந்தது 2023இல். முதல் படத்தை எட்டு வயதில் பார்த்தவருக்கு இரண்டாவது வரும்போது வயது இருபத்தாறு. "அது மாதிரி பயமா இல்ல" என்று அவர் சொன்னால், மாறியது படமா ஆளா? முனி வந்தது 2007, அதே வரிசையில் காஞ்சனா 2011, அடுத்த பாகங்கள் 2015, 2019. அரண்மனை வரிசை 2014இல் தொடங்கி 2024இல் நான்காவது பாகம் வரை வந்திருக்கிறது. இந்தப் படங்களைத் தியேட்டரில் ஒருமுறையும் டிவியில் பத்து முறையும் பார்த்தவர்களே அதிகம். டிவியில் திரும்பத் திரும்பப் பார்க்கும்போது நினைவில் தங்குவது காமெடி டிராக்தான். ஆகவே "முதல் பார்ட் எப்போ, எதுல பாத்தீங்க?" என்ற கேள்வி இல்லாமல் ஒப்பீட்டைப் பதிவு செய்யாதீர்கள்.

இன்னொரு காரணம் கதையிலேயே இருக்கிறது. பயத்துக்கு முதல் தேவை தெரியாமை. நம் ஊர்ப் பேய் பெரும்பாலும் அநியாயமாகக் கொல்லப்பட்ட ஆள். முன்கதை தெரிந்ததும் ரசிகன் பேயின் கட்சிக்கு மாறி, வில்லனை எப்போது அடிக்கும் என்று காத்திருக்கிறான். பேய் வரும்போது விசில் பறக்கும். விசிலடிப்பவன் எப்படிப் பயப்படுவான்? இரண்டாம் பாகத்துக்கு வருபவனுக்கு இந்த விதி முன்பே தெரியும், யார் சாக மாட்டார்கள் என்பதும் தெரியும். இயக்குநருக்கும் அது தெரிந்ததால்தான் காமெடியைக் கூட்டுகிறார். "பயத்தைக் குறைத்துவிட்டார்" என்பதைவிட "பயத்துக்கு இடம் குறைந்துவிட்டது" என்பதே பல படங்களுக்குப் பொருந்தும். பயத்துக்கு இடமிருந்தும் சோம்பலில் விட்ட படங்களும் உண்டு. அதைக் கண்டுபிடிக்கச் சுலபமான வழி: புதிய பேய்க்குப் புதிய விதி ஏதாவது வைத்திருக்கிறார்களா என்று பாருங்கள்.

தியேட்டரின் குறையைப் படத்தின் தலையில் கட்டுவது

சினிமா ஒலியமைப்பில் டால்பி ப்ராசஸரின், அதாவது தியேட்டர் ஒலியைக் கட்டுப்படுத்தும் கருவியின், வால்யூம் எண் 7 என்பதுதான் அளவுகோல். ஒலிக்கலவை செய்பவர்கள் அந்த அளவில் கேட்டுத்தான் படத்தை முடிக்கிறார்கள். தியேட்டரிலோ "சத்தம் அதிகம்" என்று புகார் வந்தால் ஆபரேட்டர் 5க்கு இறக்கிவிடுவார். அந்த வரம்பில் ஓர் எண்ணுக்குச் சுமார் 3.3 டெசிபெல் வீதம், இரண்டு எண் இறங்கினால் 6 டெசிபெலுக்கு மேல் போய்விடும். வசனம் புரியும், ஜோக் எடுபடும். பின்னால் நடக்கும் காலடிச் சத்தமும் பெருஞ்சத்தத்தின் உதையும்தான் காணாமல் போகும். அதாவது வால்யூம் குறைந்தால் பேய்தான் முதலில் சாகும்.

வெளிச்சமும் இப்படித்தான். டிஜிட்டல் திரையின் அளவுகோல் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு). பழைய விளக்கு ஓடும் திரையில் இருட்டுக் காட்சி வெறும் சாம்பல் சேறாகத் தெரியும். பக்கவாட்டில் இரண்டு செல்போன் எரிந்தால் அதுவும் போச்சு. ஆகவே கருத்தோடு தியேட்டர், திரை எண், உட்கார்ந்த வரிசை மூன்றையும் குறியுங்கள். ஒரே திரையில் வந்தவர்கள் எல்லாரும் "பயமில்லை" என்று சொல்லி, வேறு திரையில் வந்தவர்கள் அலறினோம் என்றால் சந்தேகத்தைப் படத்தின் மீது வைக்காதீர்கள்.

ஒரே காட்சிக் கூட்டத்தை "சென்னை ரசிகர்கள்" என்று எழுதுவது

கோயம்பேடு ரோகிணியிலோ குரோம்பேட்டை வெற்றியிலோ காலை 9 மணிக் காட்சிக்கு வரும் கூட்டம் நடிகருக்காக வருகிறது. அங்கே இரைச்சலில் வசனமே பாதி கேட்காது. வேளச்சேரி மாலில் ஞாயிறு மாலைக் காட்சிக்கு வருவது பிள்ளைகளோடு வரும் குடும்பம். சனி இரவுக் காட்சிக்கு வருபவர்கள்தான் பயத்தைத் தேடி வருபவர்கள். மூன்றுக்கும் தலா பத்துப் பன்னிரண்டு பேரிடமாவது கேளுங்கள். பிறகு சராசரி எடுக்காதீர்கள். குடும்பம் நான்கு மார்க், இரவுக் கூட்டம் ஒரு மார்க் என்றால் "இரண்டரை மார்க் படம்" என்று ஒரு ஆள்கூடச் சொல்லவில்லையே!

சென்சார் சான்றிதழையும் ஒரு பார்வை பாருங்கள். 2024 முதல் யூ/ஏ பிரிவு 7+, 13+, 16+ என்று மூன்றாகிவிட்டது. ஏ வாங்கினால் பதினெட்டு வயதுக்குக் கீழ் அனுமதியில்லை, டிவியிலும் அப்படியே போட முடியாது. குடும்பக் கூட்டத்தையும் டிவி உரிமையையும் நம்பி எடுக்கும் படம் ரத்தத்தைக் குறைத்துக் காமெடியைக் கூட்டுவது கணக்குப் போட்டு எடுத்த முடிவு. யூ/ஏ 7+ போஸ்டரைப் பார்த்துவிட்டுப் போனவர் "நடுங்கவே இல்ல" என்று வருத்தப்பட்டால், அந்த வருத்தத்தைப் போட்டுக்கொள்ளலாம், தீர்ப்பாக்க வேண்டாம்.

சொல்லை அப்படியே எடுத்துக்கொள்வது

"ஒரு தடவ பாக்கலாம்" என்பது சென்னையில் பாராட்டு கிடையாது. மரியாதையாகச் சொன்ன "வேணாம்". "டைம்பாஸ்" என்பது டிக்கெட் காசு போனதே என்ற கோபம் இல்லை என்பதற்கு அடையாளம். "மொக்கை" என்பது ஜோக்கின் மீதான புகார். அதையே சிரித்துக்கொண்டு சொன்னால் பாதிப் புகார்தான். "பரவால்ல" என்பதற்கு மட்டும் அகராதி உதவாது, குரலைத்தான் கேட்க வேண்டும். எழுத்தில் போடும்போது சொன்னவர் எப்படிச் சொன்னார் என்று அரை வரி சேருங்கள்.

எழுதும்போது இன்னொன்று: எந்த ஜோக் எடுபட்டது என்று காட்ட அந்த ஜோக்கையே முழுசாக எழுதிவிடுகிறார்கள். பேய் யார் என்பதை மறைத்துவிட்டு ஜோக்கை உடைத்தால் இந்த மாதிரிப் படத்துக்கு அதுவும் கதையை உடைத்த மாதிரிதான். "மருத்துவமனைக் காட்சியில் டார்ச் லைட் காமெடி" என்ற அளவில் நிறுத்தினால் பார்த்தவருக்குப் புரியும், பார்க்காதவருக்கு மிச்சம் இருக்கும்.

நான்கு வாரம் கழித்து ஓடிடியில் வந்ததும் புதிய கருத்துகள் கொட்டும். அவற்றைப் பழைய பட்டியலோடு சேர்க்காமல் தனியாக வையுங்கள். இரவு பதினொன்றுக்கு ஹெட்போன் மாட்டித் தனியாகப் பார்ப்பவருக்கு அந்தக் காலடிச் சத்தம் காதுக்குள்ளேயே கேட்கும்; சுற்றிலும் முந்நூறு பேர் சிரித்ததால் சிரிப்பு வந்த ஜோக் அங்கே தனியாக நின்று முழிக்கும். தியேட்டரில் "காமெடி செம, பயம் இல்ல" என்று வந்த அதே படத்துக்கு வீட்டிலிருந்து "காமெடி மொக்க, நடுராத்திரி லைட்ட போட்டேன்" என்று வரலாம். இரண்டும் ஒரே ஆள் சொன்னதாகக்கூட இருக்கும்.