தாள் பிலிம் கமராவால் வன்னியின் கடைத்தெருக்களைப் படமெடுத்தல்

வன்னியின் கடைத்தெருக்கள் விரைவாக மாறிக்கொண்டிருக்கின்றன. 2009 இல் போர் முடிந்து மக்கள் மீளக் குடியேறத் தொடங்கியபோது கிளிநொச்சியிலும் மாங்குளத்திலும் புதுக்குடியிருப்பிலும் தகரக் கொட்டில்களாக எழுந்த கடைகள் பல, சில ஆண்டுகளுக்குள்ளேயே சீமெந்துக் கட்டடங்களாகி, மேல்மாடியும் ஏறி, முகப்பில் கண்ணாடியும் பெயர்ப்பலகையுமாக நிற்கின்றன. வீதியோரம் கவிழ்ந்து கிடந்த கிளிநொச்சி நீர்த்தாங்கியைப் படமெடுத்தவர்கள் ஏராளம். அதே ஏ-9 வீதியில் ஒரு பலசரக்குக் கடை தகரத்திலிருந்து கல்லுக்கு மாறியதைப் பதிவுசெய்தவர்கள் மிகக் குறைவு. அந்தப் பணிக்கு, பிலிம் சுருளுக்குப் பதிலாகப் படத்துக்கு ஒரு தாளாகப் பிலிம் ஏற்றும் 4×5 அங்குலத் தாள் பிலிம் கமராவைப் போலப் பொருத்தமான கருவி வேறில்லை என்பது என் உறுதியான எண்ணம். அதன் பிலிம் பரப்பு 35 மில்லிமீற்றர் பிலிமின் பரப்பைப்போல் ஏறத்தாழ 13 மடங்கு என்பதால், தெருவின் முழு அகலத்தையும் அடக்கிய படத்திலேயே, கடை வாசலில் தொங்கும் விலைப்பலகையையும் தூணில் ஒட்டியிருக்கும் கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டியையும் பின்னொரு நாளில் எழுத்தெழுத்தாக வாசிக்க முடியும்.

கருவிகளைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. மடித்துப் பையில் வைக்கக்கூடிய ஃபீல்ட் கமரா ஒன்று, 150 மில்லிமீற்றர் லென்ஸ் ஒன்று, உறுதியான முக்காலி, கையடக்க லைட் மீற்றர், கமராவை அசைக்காமல் ஷட்டரை இயக்கும் கேபிள் ரிலீஸ், உருப்பெருக்கும் சிறு கண்ணாடி, இரசமட்டம், பிலிம் தாள்களை ஒளிபடாமல் வைத்துக் கமராவில் செருகும் ஐந்தாறு பிலிம் ஹோல்டர்கள் ஆகியவை போதும். ஒடுக்கமான சந்தைத் தெருக்களுக்கு 90 மில்லிமீற்றர் லென்ஸ் பின்னர் தேவைப்படலாம். தலையில் போர்த்திக்கொள்ளும் துணியின் உட்புறம் கறுப்பாகவும் வெளிப்புறம் வெள்ளையாகவும் இருக்கட்டும். இரண்டு பக்கமும் கறுப்பான துணிக்குள் நம் வெயிலில் ஐந்து நிமிடம் நின்று கூர்மை பார்க்க இயலாது. தாள் பிலிமை வெளிநாட்டிலிருந்தே தருவிக்க வேண்டியிருக்கும். கொண்டுவருபவரிடம், விமான நிலையத்தில் அதைக் கையால் சோதிக்கும்படி கேட்கச் சொல்லுங்கள். இப்போது கைப்பைகளுக்கும் பயன்படும் சி.ரி. வகை ஊடுகதிர்ச் சோதனை இயந்திரங்கள் பிலிமைக் கெடுத்துவிடும்.

எந்தக் கடையை எந்த நேரத்தில் எடுப்பது என்பதை வீட்டிலிருந்தே தீர்மானித்துவிடலாம். ஏ-9 வீதி வன்னிக்குள் பெரும்பாலும் தெற்கு வடக்காக ஓடுவதால், வீதியின் மேற்குப் பக்கத்துக் கடைகள் கிழக்கு நோக்கிக் காலை வெயிலைப் பெறுகின்றன. கிழக்குப் பக்கத்துக் கடைகளுக்குப் பிற்பகல்தான் ஒளி. பரந்தனிலிருந்து முல்லைத்தீவுக்குச் செல்லும் வீதி தென்கிழக்காகப் போவதால் அங்கே இந்தக் கணக்குச் சற்று மாறும். கிளிநொச்சி ஏறத்தாழ 9.4 பாகை வட அகலக்கோட்டில் இருக்கிறது. ஆகவே ஏப்ரல் நடுப்பகுதியிலும் ஓகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் உச்சிக்கு நேரே நிற்கும். அந்த நாட்களில் பத்து மணிக்கும் மூன்று மணிக்கும் இடையில் தாழ்வாரம் முழுவதும் கரிய நிழலாகிவிடும் என்பதால் கமராவை வெளியே எடுக்காதிருப்பதே நல்லது. வடக்கு நோக்கிய முகப்புகளில் மார்ச் கடைசியிலிருந்து செப்ரெம்பர் வரைதான் நேர் வெயில் விழும். மார்கழியில் நண்பகலிலும் சூரியன் 57 பாகை உயரத்திலேயே நிற்பதால், மழை விட்ட நாட்களில் தெற்கு நோக்கிய முகப்புகளுக்கு அது மிக நல்ல காலம். மழை மூட்டமான ஒளியை யாரும் ஒதுக்கிவிட வேண்டாம்: கடையின் உட்புறமும் வீதியும் ஒரே பிலிமில் அடங்குவது அப்போதுதான்.

இனி ஒரு கடைக்கு முன்னால் நிற்போம். மாங்குளம் சந்தியில், முல்லைத்தீவு வீதி பிரியுமிடத்துக்கு அருகே, இரண்டு மாடிக் கடையொன்றை எதிர்ப்புறத்திலிருந்து எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். முக்காலியை விரித்ததும் கமராவை இரசமட்டத்தால் சமப்படுத்தி, பின்புறச் சட்டத்தைச் செங்குத்தாக நிறுத்துங்கள். கமராவின் பின்புறத்திலுள்ள மங்கல் கண்ணாடியில் உரு தலைகீழாகவும் இடம்வலம் மாறியும் தெரியும். கடையின் மேல்மாடி படச்சட்டத்துக்குள் அடங்காது. அப்போது கமராவை அண்ணாந்து பார்க்கச் செய்தால் தூண்கள் மேலே போகப்போக ஒன்றையொன்று நோக்கிச் சாய்ந்துவிடும். அதற்குப் பதிலாக, கமராவை அசைக்காமல் லென்ஸ் பொருந்திய முன்பலகையை மட்டும் மேலே உயர்த்துங்கள். மேல்மாடி உள்ளே வரும், தூண்களும் நேராகவே நிற்கும். தெருப் படத்துக்கு இந்தக் கமரா தரும் முதன்மையான வசதி இதுவே. ஆனால் உயர்த்துவதற்கும் எல்லை உண்டு. பரிஸ் நகரத்தின் தெருக்களை 18×24 சென்ரிமீற்றர் கண்ணாடித் தகடுகளில் பல்லாண்டுகள் பதிவுசெய்த ஏஜென் அட்ஜேயின் படங்கள் சிலவற்றில் மேல் மூலைகள் வளைந்து கறுத்திருப்பதற்கு, லென்ஸ் வீசும் ஒளிவட்டத்தின் விளிம்பைத் தாண்டி அவர் அதை உயர்த்தியதே காரணம். மங்கல் கண்ணாடியின் மூலைகள் வெட்டப்பட்டிருந்தால், துவாரத்தைச் சுருக்கிய பின் அந்த மூலை வழியாக லென்ஸைப் பாருங்கள்: துவாரம் முழுமையாகத் தெரிந்தால் அச்சமில்லை, ஒரு பக்கம் அரிந்தது போலத் தெரிந்தால் முன்பலகையைச் சிறிது இறக்குங்கள்.

வீதியின் ஒரு பக்கக் கடைவரிசை தூரத்துக்கு நீண்டு செல்வதை எடுக்கும்போது வேறொரு அசைவு உதவும். முன்பலகையை அந்த வரிசையின் போக்கிற்கு இணையாகும் திசையில் சில பாகை மட்டும் திருப்பினால், அருகிலுள்ள கடையும் தொலைவிலுள்ள கடையும் ஒரே நேரத்தில் கூர்மையாகும். திருப்பாமல் நேராக எடுக்கும் படங்களில், அருகிலுள்ள பொருளுக்குக் கூர்மை பார்த்துக் கமராவின் அடித்தண்டவாளத்தில் பென்சிலால் ஒரு குறியிட்டு, தொலைவிலுள்ள பொருளுக்கும் அவ்வாறே செய்து, இரண்டு குறிகளுக்கும் நடுவில் நிறுத்தி, துவாரத்தை எஃப் 22 அல்லது எஃப் 32 க்குச் சுருக்குங்கள் (எண் கூடக்கூடத் துவாரம் சிறிதாகும்). எஃப் 45 க்கு அப்பால் போனால் பெயர்ப்பலகை எழுத்தின் கூர்மை குன்றத் தொடங்கும்.

ஒளி அளப்பதில் நம் தெருக்களின் சிக்கல், வெயிலில் எரியும் வீதியும் தகரத் தாழ்வாரத்தின் அடர்ந்த நிழலும் அடுத்தடுத்து இருப்பதுதான். தாழ்வாரத்துக்குள் நீங்கள் விபரம் காண விரும்பும் இடத்தை, உதாரணமாகத் தொங்கும் வாழைக்குலைக்குப் பின்னாலுள்ள சுவரை, அளந்து, மீற்றர் சொல்வதைவிட இரண்டு படி குறைத்து ஒளி கொடுங்கள் (ஒரு படி குறைப்பது ஒளியைப் பாதியாக்குவது). அப்படிச் செய்தால் நிழலில் விபரம் பதியும். வீதியின் வெளிச்சம் மிகையானால், கழுவும்போது டெவலப்பர் நேரத்தை ஆறில் ஒரு பங்கு குறைத்து அதை அடக்கலாம். வெளிறிய வானத்துக்கு மஞ்சள் வடிகண்ணாடி ஒரு படியையும் செம்மஞ்சள் இரண்டு படியையும் கேட்கும். இல்ஃபோர்ட் எஃப்பி4 பிளஸ் பிலிமை ஐஎஸ்ஓ 125 இல் பயன்படுத்தி, முழு வெயிலில் மஞ்சள் வடிகண்ணாடியோடு எஃப் 22 இல் எடுத்தால் 1/30 செக்கன் ஆகும். நடந்துபோகும் மனிதர் சற்றுக் கலங்குவார். அதைக் குறையாகக் கொள்ள வேண்டியதில்லை.

மாலை மங்கியதும் இந்தக் கலங்கல் ஒரு கருவியாகவே ஆகிவிடுகிறது. 1838 இல் ஒளிப்படக்கலையின் முன்னோடி லூயி டகேர் பரிஸின் பெருந்தெரு ஒன்றை எடுத்தபோது, நெடுநேர ஒளிபதிவில் வண்டிகளும் வழிப்போக்கரும் மறைந்துபோக, சப்பாத்துத் துடைப்பதற்காக ஓரிடத்தில் நின்றிருந்த மனிதரின் உரு மட்டும் தகட்டில் தங்கியது. முறிகண்டிப் பிள்ளையார் கோயில் வாசலில் இதே விதியை நன்றாகப் பயன்படுத்தலாம். வீதியில் போகும் வாகனங்கள் அங்கே நிற்கும். இறங்கியவர்கள் தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கி, மீண்டும் ஏறுவார்கள். அந்தி வேளையில் சில செக்கன்கள் திறந்துவைத்தால், கும்பிட்டு நிற்பவர் தெளிவாகவும் பேருந்துக்கு ஓடுபவர் வெறும் கீற்றாகவும் பதிவார்கள். நீண்ட நேரங்களில் பிலிமின் உணர்திறன் குறையும் என்பதையும் கணக்கில் எடுங்கள்: எஃப்பி4 பிளஸ் பிலிமுக்கு மீற்றர் 4 செக்கன் சொன்னால் 6 செக்கனும், 10 சொன்னால் 18 உம், 30 சொன்னால் 73 உம் கொடுக்க வேண்டும்.

மக்களோடு பேசுவதை நான் தொழில்நுட்பத்தின் ஒரு பகுதியாகவே கருதுகிறேன். கடைக்கு எதிரே ஒருவர் முக்காலியை விரித்து இரசமட்டம் பார்த்தால், வீதி அகலிப்புக்கோ காணி அளப்புக்கோ ஆள் வந்துவிட்டதென்றுதான் எங்கள் ஊரில் முதலில் நினைப்பார்கள். பலமுறை இடம்பெயர்ந்து காணியுறுதிக்கு அலைந்தவர்களுக்கு அந்த எண்ணம் தரும் கலக்கம் சிறியதன்று. எனவே பையைத் திறக்கு முன்னரே வீதியைக் கடந்து சென்று, “ஐயா, நான் நில அளவைக்கு வந்த ஆள் இல்லை. உங்கட கடையை ஒரு பழைய கமராவில படம் எடுக்க விரும்புறன், எடுத்தாப் பிறகு ஒரு படம் உங்களுக்கும் கொண்டுவந்து தருவன்” என்று சொல்லுங்கள். அவரைத் துணிக்குள் அழைத்துத் தம் கடை தலைகீழாக நிற்பதைப் பார்க்கவிடுங்கள். அவர் வேண்டாமென்றால் அங்கே எடுக்காதீர்கள். இராணுவ முகாம், காவலரண், பொலிஸ் நிலையம் ஆகியவை படச்சட்டத்தின் ஓரத்தில்கூட வராதபடி இடத்தைத் தெரிவுசெய்யுங்கள். கொடுத்த வாக்கைக் காப்பாற்றுவது எளிது: 4×5 பிலிமை ஒளித்தாளின் மேல் நேரே வைத்து ஒளிபாய்ச்சினாலே, கையில் பிடித்துப் பார்க்கப் போதுமான அளவில் ஒரு படம் கிடைத்துவிடும், உருப்பெருக்கி வேண்டியதில்லை. வீட்டு அல்பங்கள் இடப்பெயர்வில் தொலைந்துபோன குடும்பங்கள் இங்கே எத்தனையோ. அவர்களுக்கு அந்தத் தாளின் மதிப்பு வேறு.

காற்றையும் புழுதியையும் பொறுத்தவரை, வைகாசிக்குப் பின் தென்மேற்குக் காற்றான சோழகம் வீசும் மாதங்களில், முன்பலகையையும் பின்புறச் சட்டத்தையும் இணைக்கும் துருத்தி பாய்போலக் காற்றை வாங்கும். காலை எட்டு மணிக்குள் வேலையை முடித்து, முக்காலியின் நடுவே பையைத் தொங்கவிட்டுப் பாரமேற்றுங்கள். ஹோல்டர்கள் ஒவ்வொன்றையும் சிப் வைத்த பொலித்தீன் பையில் வையுங்கள். பிலிமைக் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்தவுடன் உறையைப் பிரித்தால் ஈரம் படியும். சில மணிநேரம் வெளியே வைத்துவிட்டுப் பிரியுங்கள். இருட்டில் ஏற்றும்போது தாளை நெடுக்காகப் பிடித்தால், வெட்டுக்குறி மேல் வலது மூலையில் விரலுக்குத் தட்டுப்படும் நிலையில் ஒளி பதியும் மருந்துப் பக்கம் உங்களை நோக்கியிருக்கும். ஹோல்டரின் மூடுதகட்டில் வெள்ளை விளிம்பு வெளியே தெரிந்தால் எடுக்காத பிலிம், கறுப்பு விளிம்பென்றால் எடுத்தது. மூடுதகட்டை இழுக்குமுன் லென்ஸ் மூடியிருக்கிறதா என்பதை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்துக்கொள்வது நல்ல பழக்கம்.

கழுவும் முறை எங்கும் ஒன்றுதான். வேறுபடுவது நம் தண்ணீர். அட்டவணைகள் 20 பாகை செல்சியஸுக்கு எழுதப்பட்டவை, நம் கிணற்று நீரோ 28 பாகை அளவில் இருக்கும். பனிக்கட்டியைப் பையில் கட்டி டெவலப்பருக்குள் இறக்கி 24 பாகைக்குக் கொண்டுவந்து, 20 பாகைக்குரிய நேரத்தில் பத்தில் ஏழு பங்கு கொடுங்கள். அது ஐந்து நிமிடத்துக்குக் கீழே போனால் வானம் திட்டுத்திட்டாகும் என்பதால் மருந்தை இன்னும் நீர்ப்பாக்கிக்கொள்ளுங்கள். மற்றக் கரைசல்களும் கழுவுநீரும் அதே வெப்பத்தில் இருக்கட்டும். சுண்ணாம்பு மிகுந்த நீர் காய்ந்ததும் வெண்புள்ளிகளை விட்டுச்செல்லுமாதலால், கடைசி அலசலை பற்றரிக்கு விற்கும் காய்ச்சி வடித்த நீரில் செய்யுங்கள்.

ஒவ்வொரு பிலிமின் உறையிலும் நாள், நேரம், லென்ஸ், கமராவின் உயரம் ஆகியவற்றோடு, முக்காலி நின்ற இடத்துக்கு மதகு, கோயில் மதில் போன்று எளிதில் அகற்றப்படாத இரண்டு அடையாளங்களிலிருந்து உள்ள தூரத்தையும் பென்சிலால் எழுதுங்கள். அடுத்த ஆண்டு அதே மாதத்தில், அதே மணிக்கு அங்கே போனால் நிழலும் அதே இடத்தில் விழும். முன்னர் எடுத்த படத்தின் முக்கிய கோடுகளை ஒளிபுகும் தாளொன்றில் படியெடுத்துக் கொண்டுபோய், தலைகீழாகத் திருப்பி மங்கல் கண்ணாடியின் மேல் ஒட்டுங்கள். இரண்டும் ஒரே அளவு என்பதால், கூரையின் விளிம்பும் தூண்களும் அந்தக் கோடுகளோடு பொருந்தும்வரை முக்காலியை நகர்த்தினால் பழைய இடம் கிடைத்துவிடும்.