நிமோனியா வார்டில் நான் செய்த, நீங்களும் செய்கிற தவறுகள்

போன வாரம் குழந்தைகள் வார்டு ரவுண்ட்ஸில் ஒரு கேஸ் ஷீட்டைப் புரட்டினேன். மூன்று நாள் செஃப்ட்ரியாக்சோன் என்ற ஆன்டிபயாடிக். அதை அடித்துவிட்டு வேறொரு மருந்து. அதற்குக் கீழே இன்னொரு ஆன்டிபயாடிக், அமிகாசின். காய்ச்சல் மட்டும் 103-ஐ விட்டு அசையவில்லை. எழுதியவர் புதிதாகச் சேர்ந்த பிஜி, அதாவது மேற்படிப்பு மருத்துவர். எனக்கோ இருபது வருடத்துக்கு முந்தைய என் கையெழுத்தையே பார்ப்பதுபோல் இருந்தது.

சாதாரணச் சளிக்கு ஆன்டிபயாடிக் எழுதாதே, எடை பார்த்து டோஸ் போடு என்றெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கே தெரியும்.

மூச்சை அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்குவது

முழு நிமிடம் எண்ணுங்கள். குழந்தை அழும்போது எண்ணாதீர்கள். இரண்டு மாதத்துக்குள் 60, ஒரு வயதுக்குள் 50, ஐந்து வயதுக்குள் 40. இந்த எண்ணைத் தொட்டாலே வேகமான மூச்சுதான்.

வயிற்று வலி என்றதும் சர்ஜனைக் கூப்பிடுவது

நுரையீரலின் அடிப்பகுதியில் நிமோனியா வந்தால் சில குழந்தைகள் வயிற்றைத்தான் பிடித்துக்கொள்ளும். கத்தி வைக்கும் முன் நெஞ்சுப் படம் ஒன்று எடுங்கள்.

காய்ச்சல் இறங்கவில்லை என்றதும் மருந்தை மாற்றுவது

இதைப் பார்த்தால்தான் இன்றைக்கும் எனக்குக் கோபம் வருகிறது. பாதிக் கோபம் என் மீதே.

நான்கு வயதுப் பையன். நான் இரண்டாம் வருட பிஜி. சேர்த்த அன்று எடுத்த படத்தில் வலது பக்கம் கீழே வெள்ளை. நிமோனியா என்று எழுதி மருந்தைத் தொடங்கினேன். மூன்றாம் நாள் காய்ச்சல் இறங்கவில்லை, மாற்றினேன். ஐந்தாம் நாள் இன்னொன்று சேர்த்தேன். "டாக்டரம்மா, இவன் எப்பவும் இந்தப் பக்கமாவே ஒருக்களிச்சுப் படுக்கிறான்" என்று அவன் அம்மா இரண்டு முறை சொன்னார். சரி, படுக்கட்டும் என்று நகர்ந்துவிட்டேன். ஏழாம் நாள் எங்கள் சீஃப் ஒன்றும் பேசாமல் என் விரலைப் பிடித்து அவன் முதுகில் வைத்துத் தட்டச் சொன்னார். இடது பக்கம் பானை மாதிரி ஒலித்தது. வலது பக்கம் கல்.

உள்ளே இருந்தது சீழ். குழந்தை வலிக்கிற பக்கமாகவே வளைந்து படுப்பது அதற்கு ஓர் அடையாளம். அதைத்தான் அந்த அம்மா எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நுரையீரலைச் சுற்றி முதலில் சேர்வது தெளிந்த நீர். அந்தக் கட்டத்தில் டியூப் போட்டாலே வடிந்துவிடும். சில நாளில் உள்ளே நூலாம்படை போல இழைகள் ஓடி, நீர் அறை அறையாகப் பிரியும். அப்போது வெறும் டியூப் போதாது, அதன் வழியே இழைகளைக் கரைக்கும் யூரோகைனேஸ் மருந்தைச் செலுத்தியோ கேமரா வைத்தோ அந்த அறைகளை உடைக்க வேண்டும். அதையும் தாண்டினால் தடித்த பட்டை ஒன்று நுரையீரலை இறுக்கி விரியவிடாது. நாம் மருந்து மாற்றிக்கொண்டிருக்கும் நாட்களில்தான் இத்தனையும் நடக்கிறது. அடைபட்ட சீழுக்குள் மருந்து சரியாகப் போய்ச் சேராது. அமிகாசின் கதை இன்னும் மோசம்: சீழின் புளிப்பில் அதன் வீரியமே போய்விடும். அந்தப் பையனுக்கு நெஞ்சைத் திறந்து பட்டையை உரிக்க வேண்டியதாயிற்று.

ஆகவே 48 முதல் 72 மணி நேரத்தில் காய்ச்சல் அடங்காவிட்டால், பேனாவை எடுக்கும் முன் இரண்டு பக்கமும் தட்டிப் பாருங்கள். சின்னக் குழந்தையின் நெஞ்சுச் சுவர் மெலிது. நீர் இருந்தாலும் மூச்சொலி கேட்கும், ஸ்டெதாஸ்கோப்பை மட்டும் நம்பாதீர்கள். அப்புறம் மறுபடி ஒரு எக்ஸ்ரே, கூடவே அல்ட்ராசவுண்ட். இழைகளைக் காட்டுவதில் சி.டி.யை விட அல்ட்ராசவுண்டே மேல், சி.டி.க்கு அனுப்பி ஒரு நாளை வீணாக்க வேண்டாம். சீழ் இல்லை என்று உறுதியான பிறகு மருந்தைப் பற்றி யோசிக்கலாம், காசநோயைப் பற்றியும்தான்.

டியூப் போட்ட பிறகும் காய்ச்சல் சில நாள் நீடிக்கும். குழந்தை தெளிந்துவந்தால் பொறுங்கள்.

தோலைப் பார்க்காமல் விடுவது

கைக்குழந்தைக்கு நிமோனியா, தொடையில் ஒரு சீழ்க்கொப்புளம் என்றால் ஸ்டஃபைலோகாக்கஸ் என்ற பாக்டீரியாவை நினையுங்கள். அது நுரையீரலுக்குள் காற்றுக் குமிழிகளை உண்டாக்கும். பெரும்பாலும் தானாகவே வற்றிவிடும். படத்தில் குமிழியைப் பார்த்ததும் குத்தி எடுக்க ஊசியைத் தூக்காதீர்கள்.

ஒரே இடத்தில் திரும்பத் திரும்ப நிமோனியா

வேர்க்கடலை தின்றதுண்டா என்று கேளுங்கள். மூச்சுக்குழாயில் சிக்கியிருக்கலாம்.

தடுப்பூசி அட்டை

நிமோனியாவை உண்டாக்கும் நிமோகாக்கஸ் பாக்டீரியாவுக்கு எதிரான நிமோகாக்கல் தடுப்பூசி அரசு அட்டவணையில் நாடு முழுவதும் வந்தது 2021-ல்தான். அதற்கு முன் பிறந்தவர்களில் பலர் போட்டிருக்க மாட்டார்கள். போட்டவர்களுக்கும் ஸ்டஃபைலோகாக்கஸ் வரலாம்.

படத்துக்கு வைத்தியம் பார்ப்பது

சீழ் கட்டிய நெஞ்சின் படம் முழுதாகத் தெளிய மூன்று முதல் ஆறு மாதம் ஆகலாம். குழந்தை ஓடியாடிச் சாப்பிடும்போது பத்தாம் நாளே படமெடுத்து மிரண்டு மறுபடி அட்மிட் செய்யாதீர்கள். நாலு முதல் ஆறு வாரத்தில் ஒன்று போதும். அந்த நான்கு வயதுப் பையனின் படம் தெளிந்தது ஐந்தாம் மாதம்.