பிபி இருக்கு, காபியும் வேணும்: என்ன செய்யலாம்?

பிபி மாத்திரை எழுதிக் கொடுத்த அன்றே வீட்டில் எல்லோரும் நம் காபி டம்ளர் மேல் கண் வைத்துவிடுவார்கள். ஊறுகாய் பாட்டில் மட்டும் இருந்த இடத்திலேயே இருக்கும். கொஞ்சம் பொறுங்கள். மாத்திரையில் பிபி கட்டுக்குள் இருக்கிற பெரும்பாலானவர்களுக்கு நாளைக்கு ஒன்றிரண்டு டம்ளர் காபி பெரிய தொந்தரவு தருவதில்லை. உங்களுக்குத் தருகிறதா என்பதை வீட்டிலேயே அளந்து பார்த்துவிடலாம்.

காலையில் காபிக்கு முன்னால், கழிவறைக்குப் போய்வந்து, நாற்காலியில் நன்றாகச் சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் பட, கையை மேஜை மேல் நெஞ்சு உயரத்தில் வைத்து, 5 நிமிடம் யாரோடும் பேசாமல் உட்கார்ந்துவிட்டு அளவெடுங்கள். ஒரு நிமிடம் விட்டு இன்னொரு முறை. அப்புறம் வழக்கமான காபியைக் குடியுங்கள். அரை மணி நேரத்திலிருந்து இரண்டு மணி நேரத்துக்குள் மறுபடி அதே மாதிரி உட்கார்ந்து அளந்து பாருங்கள். நான்கைந்து நாள் எழுதி வையுங்கள், ஒரு நாள் கணக்கை வைத்து முடிவு செய்ய வேண்டாம். காபிக்குப் பிறகு மேல் எண் ஒவ்வொரு முறையும் 5 முதல் 10 வரை ஏறுகிறது என்றால் உங்கள் உடம்புக்கு காபியில் இருக்கிற கஃபீன் ஒத்துக்கொள்ளவில்லை என்று வைத்துக்கொள்ளலாம். தினமும் குடிப்பவர்களுக்கு உடம்பு பழகிப்போய் ஏற்றம் குறைவாகத்தான் இருக்கும், எப்போதாவது குடிப்பவர்களுக்குத்தான் சட்டென்று எகிறும்.

இதே காரணத்தால் டாக்டரிடம் போவதற்கு முன் அரை மணி நேரத்துக்குள் காபி குடிக்காதீர்கள். வாசலில் ஒரு காபியை விட்டுக்கொண்டு உள்ளே போய் பிபி காட்டினால், அந்த எண்ணுக்கும் சேர்த்து மாத்திரை ஏறும்!

ஆனால் 160/100-க்கு மேலேயே நிற்கிறவர்கள் இந்தச் சோதனையெல்லாம் செய்ய வேண்டாம். ஜப்பானில் பல ஆண்டுகள் ஆட்களைத் தொடர்ந்து பார்த்து 2022-இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், அந்த அளவு பிபியோடு நாளைக்கு இரண்டு கப்போ அதற்கு மேலோ காபி குடித்தவர்களுக்கு இதயநோய், பக்கவாதத்தால் இறக்கும் ஆபத்து, காபி குடிக்காதவர்களைவிட சுமார் இரண்டு மடங்கு தெரிந்தது. காபிதான் காரணம் என்று அது நிரூபிக்கவில்லை. இருந்தாலும் முதலில் பிபியை இறக்குங்கள், அதுவரை ஒரு கப்போடு நிறுத்திக்கொள்ளலாமா என்று டாக்டரிடம் கேளுங்கள்.

சரி, குறைக்க வேண்டும் என்றால் எங்கே குறைப்பது? கொட்டையில் ஆரம்பியுங்கள். ரோபஸ்டா வகைக் கொட்டையில் அராபிகா வகையைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு கஃபீன் உண்டு, அதனால் கடையில் அரைக்கும்போதே அராபிகா அதிகமாகக் கேளுங்கள். சிக்கரியில் கஃபீனே கிடையாது. சுத்தமான காபித்தூள் என்று பெருமைப்படுகிறவர்களுக்குக் கசக்கும், ஆனால் பிபிக்காரருக்கு சிக்கரி கலந்த தூள் ஒன்றும் மட்டமில்லை. டிகாக்‌ஷனைக் குறைத்துப் பாலைக் கூட்டலாம், டம்ளரையே சின்னதாக்கலாம். கொலஸ்ட்ராலும் இருந்தால் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள்: காபியில் இருக்கிற ஒருவகை எண்ணெய்ப் பொருள் கெட்ட கொலஸ்ட்ராலை ஏற்றும், அதைக் காகித ஃபில்டர் பிடித்துக்கொள்ளும், நம் எவர்சில்வர் ஃபில்டர் அந்த அளவுக்குப் பிடிக்காது.

உண்மையில் எனக்குக் காபியைவிடப் பயம் அதோடு வருகிற மிக்சரும் முறுக்கும்தான். உப்பு ஒரு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூனுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். காபியோடு சிகரெட் பிடிப்பவர்கள் முதலில் எதை விடுவது என்று கேட்கவே வேண்டாம்.

சாயங்காலக் காபி தூக்கத்தைக் கெடுக்கிறதா என்றும் பாருங்கள். குடித்த கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும், தூக்கம் கெட்டால் பிபியும் கெடும். மாத்திரைகளைத் தண்ணீரில் போடுங்கள், காபியில் வேண்டாம். தைராய்டு மாத்திரையும் போடுகிறவர்கள் அதற்குப் பின் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் காபியைத் தள்ளி வையுங்கள், இல்லாவிட்டால் மருந்து சரியாக உடம்பில் சேராது.

கடைசியாக, ஒரே நாளில் நிறுத்தாதீர்கள். மறுநாளே மண்டையைப் பிளக்கும் தலைவலி வந்து, பிபிதான் ஏறிவிட்டது என்று பதறிப்போவீர்கள். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை அரை டம்ளர் வீதம் குறைத்துக்கொண்டே வந்தால் தலைவலி பெரிதாகத் தெரியாது.